மழைக்கு முன் கொல்லையைச் சுத்தம் செய்தேன், அதனாலேயே அவ்வளவும் போனது

இதை 2025 புரட்டாசி முதல் வாரத்தில் எழுதுகிறேன். மழை பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதனால்தான் இப்போதே. கார்த்திகையில் படித்தால் யாருக்கும் பயன்படாது. வெளிநாட்டிலோ வெளியூரிலோ பல வருடம் இருந்துவிட்டு டெல்டாவில் அப்பா அம்மா கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களையும் வரப்போகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கொல்லையும் நாலு தென்னையும் ஓட்டு வீடும் உள்ள யாருக்கும் இது உதவும். எனக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் 27,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒரு தென்னம்பிள்ளையும் பிழைத்திருக்கும். பணத்தை விட அந்தப் பிள்ளைதான் இன்னும் மனதைப் பிசைகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில் இருக்கிறது. முழுக்கக் களிமண். கோடையில் கால் நுழையும் அளவு வெடிக்கும், மழை பெய்தால் தண்ணீரை இறங்கவே விடாது. பதினாறு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு 2024 ஆவணியில் திரும்பி வந்தேன். அப்பா 2021இல் தவறிவிட்டார். அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆகி திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தார். ஆக, வீட்டில் நான் ஒருவன்தான். கொல்லை சுமார் 40 குழி (எங்கள் பக்கத்து நில அளவு) இருக்கும். 2018 கஜா புயலுக்கு முன் 14 தென்னை நின்ற இடம், அந்த நவம்பர் 16 அதிகாலையில் 9 மரம் போய்விட்டது. மிச்சம் 5 பெரிய மரம், அப்பா அடுத்த வருடம் வைத்த ஒரு பிள்ளை, அம்மா தை மாதம் ஆள் விட்டு வைத்த 34 பூவன் வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகைக் கொடி, உறைக்கிணறு. இவ்வளவுதான்.

வந்ததும் எனக்கு வீட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்பா போனபின் மூன்று வருடமாகச் சேர்ந்த குப்பை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆள் வைத்து அள்ளினேன். கொட்டகையின் பின்னால் அறுபது எழுபது சவுக்குக் கம்பு சாத்தி வைத்திருந்தது, நுனியெல்லாம் கறுத்துப்போய். பழைய விறகு என்று 900 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே நீலம் படிந்து காய்ந்து கிடந்தது, கூடவே ஒரு டப்பாவில் நீலக் கல் மாதிரி கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. பூச்சி மருந்தாக இருக்கும் என்று பயந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். மடித்து வைத்த பழைய தார்ப்பாயை எலி கடித்திருந்தது, அதுவும் போனது. ஓரமாக அடுக்கியிருந்த நூறு நூற்றைம்பது நாட்டு ஓடுகளைப் பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கிழக்குப் பக்கத்து மதிலின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை. அது வழியாக நாய் வந்துகொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு செங்கல் வைத்துப் பூசி அடைத்தேன். அதே கொத்தனாரை வைத்து வாசலில் முக்கால் அடி மண் அடித்துக் கல் பதித்தேன். பார்க்க வீடு அழகாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன், அவரும் சந்தோஷப்பட்டார். மதில் ஓட்டையை அடைத்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை.

இப்போது எண்ணிப் பார்த்தால், நான் குப்பை என்று எறிந்த ஒவ்வொன்றும் அடைமழைக்காக அப்பா சேர்த்து வைத்தது. சவுக்குக் கம்பு வாழைக்கு முட்டுக் கொடுக்க. நீலக் கல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தென்னங்குருத்துக்கு மருந்து கலக்க. தார்ப்பாயும் ஓடும் எதற்கென்று சொல்லவே வேண்டாம். மதில் ஓட்டைதான் கொல்லைத் தண்ணீர் வடிகால் வாய்க்காலுக்குப் போகும் ஒரே வழி. அதனால் என்னுடைய முதல் வேண்டுகோள் இதுதான்: பழைய வீட்டுக்குப் போனதும் எதையும் எறியாதீர்கள், எதையும் அடைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டுப் பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் வீட்டுப் பெரியவரை போனில் பிடித்து ஒவ்வொரு பொருளையும் காட்டி, இது எதற்கு என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை.

புரட்டாசி போனது. அக்டோபர் 20 வாக்கில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கம், அது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். தீபாவளி போன வருடம் அக்டோபர் 31. தீபாவளி முடியட்டும், ஆள் விட்டு மரமெல்லாம் கழித்துவிடலாம் என்று இருந்தேன். தீபாவளி முடிந்து ஆள் தேடினால் ஒருவரும் இல்லை. எல்லோரும் சம்பா வயலில் களை எடுப்பு, உரம் போடுவது என்று இறங்கிவிட்டார்கள். தென்னை ஏறுகிறவர் ஒருவர்தான் எங்கள் பக்கத்து நாலு ஊருக்கும். "மரம் வழுக்குது தம்பி, ரெண்டு வெயில் காயட்டும் வர்றேன்" என்றார். அந்த இரண்டு வெயில் சேர்ந்தாற்போல் வரவே இல்லை. அப்பா இருந்தவரை அவரே செய்வார், அவர் போனபின் அவரோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் வருடா வருடம் புரட்டாசியில் தானாக வந்து செய்துகொடுத்துவிட்டுப் போவாராம். அந்த வருடம் அவர் திருப்பூரில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். இதெல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் கடைமுக முழுக்குக்கு மயிலாடுதுறை போய் வருவார்கள், ஐப்பசி கடைசி நாள். அதற்குள் கொல்லை வேலை முடிந்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மறுநாள் முடவன் முழுக்கோடு கார்த்திகை பிறந்துவிடும், அதற்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது என்பார். போன வருடம் அவர் கணக்குதான் சரியாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. கடலில் இருந்த தாழ்வு மண்டலம் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருந்தது, அதுதான் பின்னால் ஃபெஞ்சல் புயலாகி 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. புயல் நம் பக்கம் வரவில்லை என்று டிவியில் சொன்னதும் நான் நிம்மதியாகிவிட்டேன். அது பெரிய தவறு. கஜா மாதிரி காற்றுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன், அன்று வந்தது தண்ணீர். முந்தின நாளே பிடித்த மழை இடைவிடாமல் அடித்தது. மதியத்துக்கு மேல் கொல்லைக் கதவைத் திறந்து பார்க்கிறேன், வாழைத் தோப்பு முழுக்கத் தண்ணீர், கிணற்று உறையின் விளிம்புக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. வாசலை உயர்த்திவிட்டதால் தெருப்பக்கம் போகவேண்டிய கூரைத் தண்ணீரும் சந்து வழியாகக் கொல்லைக்கே திரும்புகிறது. கிழக்கே மதில், நான் பூசிய செங்கல் கொஞ்சமும் கசியாமல் நிற்கிறது. வீடு ஒரு தொட்டிக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்படிக்குள் தண்ணீர் ஏறியது. ஏழு மணிக்குக் கழிவறையிலிருந்து எதிர்த்து வந்தது. செப்டிக் டேங்க் நிறைந்து கொல்லைத் தண்ணீரோடு கலந்து, அது கிணற்றுக்குள்ளும் போனது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் பதினெட்டு சதவீதம். அக்காவுக்குப் போன் செய்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அணைத்து வைத்தேன். இரவு பத்து மணிக்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொடை அளவுத் தண்ணீரில் இறங்கி மதிலை இடிக்கப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் எங்கே பூசினேன் என்று கைக்குப் புலப்படவில்லை. அந்த இருட்டில், மழையில், நான் அழுதேன். 44 வயதில் அப்பா வீட்டுக் கொல்லையில் நின்று அழுததை எழுத எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, "என்னப்பா பண்றே அங்க?" என்றார். சொன்னேன். "அது உங்கப்பா தூம்புக்குன்னு விட்டது தம்பி, வேப்ப மரத்துக்கு நேரா இருக்கும், அங்க குத்து" என்றார். தூம்பு என்றால் தண்ணீர் வெளியேற விடும் ஓட்டை. குத்தினேன், ஐந்தாவது குத்தில் செங்கல் பெயர்ந்தது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரியம்மா, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று மறுநாள் கேட்டதற்கு, "வெளிநாட்டுல இருந்து வந்து ஆசையா பண்றே, குறை சொன்னா கோவிச்சுக்குவியோன்னு இருந்துட்டேன்" என்றார். ஆகவே நாமாகப் போய்க் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டில் முப்பது வருடம் இருந்தவருக்கு நம் கொல்லைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நம்மை விட நன்றாகத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் நான் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணிக் கடைசியில் வரும் முதல் நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வருவது, தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே ஒரு குச்சி, எங்கே ஓடுகிறதோ அங்கே ஒரு குச்சி நட்டுவைப்பது. மழை விட்டதும் அந்தக் குச்சிகளைப் பார்த்து மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, வாழை வரிசைகளுக்கு நடுவில் இருந்து தூம்பு வரைக்கும் கொண்டுபோவது. களிமண் என்பதால் ஆழம் அதிகம் வேண்டாம், சரிவுதான் முக்கியம். சந்தேகமாக இருந்தால் கொத்தனார் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கும் டியூப் மட்டத்தை ஒரு மணி நேரம் வாங்கி அளந்து பார்க்கலாம். தூம்பு வாயில் நாய் வராமலிருக்க இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறேன், ஆனால் தென்னஞ்செத்தையும் வாழைச் சருகும் வந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் மழை நாளில் காலை மாலை இரண்டு வேளையும் கையால் எடுத்துவிட வேண்டும். வாசலை உயர்த்துகிறவர்கள் தயவுசெய்து கூரைத் தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு உயர்த்துங்கள். செப்டிக் டேங்க்கை ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள். நான் மழைக்கு நடுவில் லாரியைக் கூப்பிட்டு 4,000 கொடுத்தேன், நாலு நாளில் நிலத்தடி நீர் ஊறி மறுபடி பாதி நிறைந்துவிட்டது.

கிணற்று விஷயத்தில் நான் செய்த இன்னொரு தவறு, அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரை அப்படியே உள்ளே கொட்டினேன். பத்து நாள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சுகாதார ஆய்வாளர் வந்தபோதுதான் சொன்னார், முதலில் மோட்டார் போட்டு இறைத்து விட்டு ஊற விடவேண்டும், பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் நல்ல பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றில் விட்டு ஒரு மணி நேரமாவது பொறுக்கவேண்டும் என்று. எங்கள் கிணறு ஒரு மீட்டர் அகல உறை, மூன்று மீட்டர் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 2,400 லிட்டர். அதற்கு 6 கிராம் போதுமாம். அப்புறமும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கவேண்டும் என்றார், தை வரைக்கும் அப்படியே செய்தேன்.

மறுநாள் 27ஆம் தேதி காலையில் வாழையைப் பார்த்தேன். 34இல் 19 குலை தள்ளியிருந்தது, அதில் 16 சாய்ந்து கிடந்தது. காற்று அப்படி ஒன்றும் பலமில்லை, வாடைக் காற்றுதான். ஆனால் இரண்டு நாள் தண்ணீரில் வேர்மண் குழைந்துபோய், குலை பாரம் தாங்காமல் வேரோடு சாய்ந்துவிட்டது. பாதி முற்றிய தாரை யாரும் வாங்கமாட்டார்கள். தாருக்கு 250 வைத்தாலும் 4,000 ரூபாய். அப்பாவின் சவுக்குக் கம்பை 900க்குக் கொடுத்தவன் நான். இந்த வருடம் 40 கம்பு புதிதாக வாங்கினேன். குலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இரண்டு கம்பைக் கத்தரி மாதிரி குறுக்கே வைத்துக் கட்டி, குலைக் காம்புக்குக் கீழே தண்டில் முட்டுக் கொடுக்கவேண்டும். தண்டு வெட்டுப்படாமலிருக்க நைலான் கயிற்றுக்குப் பதில் வாழைநாரோ பழைய சேலைத் துணியோ போடலாம். அதற்கு முன் காய்ந்த இலைகளை அறுத்து, பக்கக் கன்றுகளைக் கழித்து, அடிமண் அணைத்துவிடவேண்டும். கம்பை மழைக்குப் பிறகு காயவைத்துக் கொட்டகையில் நிறுத்தினால் சில வருடம் வரும், அப்பாவுக்கு வந்தது.

முருங்கைதான் என்னைக் கொல்லப் பார்த்தது, இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முருங்கைக் கிளை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே வலு கிடையாது, மழை நனைத்துக் கனத்தால் முறியும். எங்கள் மரம் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி மேல் படர்ந்திருந்தது. அன்று காலை பெரிய கிளை ஒன்று முறிந்து கம்பியோடு தொங்கியது, நுனி தண்ணீருக்குள். கரண்ட்தான் நேற்றே போய்விட்டதே என்று அதை இழுக்கக் கை நீட்டினேன். பெரியம்மா போட்ட கூச்சலில் நின்றேன். ஊருக்கு விடியற்காலையிலேயே கரண்ட் வந்துவிட்டதாம், என் வீட்டு இணைப்புதான் உள்ளே அறுந்திருக்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் கொல்லைப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. தனியாக இருக்கிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: மழைக்குப் பிறகு விழுந்து கிடக்கும் எந்தக் கிளையையும், அதில் கம்பி இல்லை என்று கண்ணால் உறுதி செய்யாமல் தொடாதீர்கள், தண்ணீரில் கம்பி கிடந்தால் அந்தத் தண்ணீரிலேயே கால் வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண் 94987 94987, எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். முருங்கையை ஆவணி புரட்டாசியிலேயே நாலடி உயரத்துக்கு வெட்டிவிடலாம். அப்போது வெட்டினால் பங்குனிக்குள் புதுக் கிளை விட்டுவிடும். உயரம் குறைந்தால் மழையில் வரும் கம்பளிப்பூச்சியைப் பார்ப்பதும் எளிது. கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் நீங்களாக வெட்டவேண்டாம், மின்வாரியத்தில் சொல்லி லைன் நிறுத்தச் சொல்லித்தான் வெட்டவேண்டும். எனக்குக் கம்பி மாற்ற, மீட்டர் பலகை மாற்ற 2,700 ஆனது, மூன்று நாள் இருட்டு.

கூரை ஓடுகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பறிக்காமல் விட்ட தேங்காய்க் குலையும் காய்ந்த மட்டைகளும் 27ஆம் தேதி இரவு சரிந்து கூரையில் விழுந்தன. மாற்ற ஓடு இல்லை, ஈரத்தில் கூரை மேல் ஏற யாரும் வரவில்லை, 1,500 ரூபாய்த் தார்ப்பாய் அன்றைக்கு 2,400. மழை விட்டபின் ஓடும் கூலியுமாக 6,500. இரண்டு மூட்டை அரிசி நனைந்து புழுத்தது. தென்னையில் மழைக்கு முன் முற்றிய காயையும் காய்ந்த மட்டை, பன்னாடை, பாளையையும் இறக்கிவிடவேண்டும். பாரம் குறையட்டும் என்று பச்சை மட்டையைக் கழிக்கச் சொல்லாதீர்கள், மரத்துக்குச் சாப்பாடு அதில்தான், வெட்டிய காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். இதை மரம் ஏறுகிறவரே எனக்குச் சொன்னார். அவரிடம் இப்போது ஆடியிலேயே போய், புரட்டாசியில் எந்த வாரம் என்று கேட்டுக் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுகிறேன்.

பாம்பும் வந்தது. தண்ணீர் ஏறியதும் விறகுக்குள்ளிருந்து கட்டுவிரியன் அடுப்படி மேடைக்கு வந்திருந்தது. அது இரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. பத்து நாள் கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சோடு படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி, செங்கல் மேல் பலகை போட்டு அடுக்கவேண்டும், மழைக்கு முன் வீட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி விடவேண்டும்.

டிசம்பர் 12 வாக்கில், கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், மறுபடி அதே மாதிரி மழை. இந்த முறை தூம்பு திறந்திருந்தது, தண்ணீர் அடுப்படிக்கு வரவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. மார்கழி பிறந்து பனி விழ ஆரம்பித்தபின்தான் அப்பா வைத்த தென்னம்பிள்ளையைக் கவனித்தேன். கஜாவில் மரமெல்லாம் போன மறு வருடம் அவர் வைத்தது, ஐந்து வயது, பாளை விட இன்னும் ஓரிரு வருடம். நடுக்குருத்து வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையால் லேசாகத்தான் பிடித்தேன், அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் கூழாக அழுகி, சகிக்க முடியாத நாற்றம். குருத்தழுகல். மழைக்கால ஈரத்தில் பரவும் பூஞ்சை நோய். தோட்டக்கலை உதவி அலுவலரைக் கூட்டிவந்து காட்டினேன். ஆரம்பத்தில் பார்த்திருந்தால் அழுகிய பகுதியைச் செதுக்கிவிட்டு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தடவிப் பிழைக்க வைத்திருக்கலாம், இப்போது வளரும் மொட்டே போய்விட்டது என்றார். அழுகியதை எரிக்கச் சொன்னார். அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்தபோது கொரோனா காலம், விமானம் கிடைத்து வந்து சேர்ந்ததே பெரிய விஷயம், அப்போது கூட எனக்கு இவ்வளவு அழுகை வரவில்லை.

போர்டோ கலவை செய்யும் முறையை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது தெரியாமல்தான் அது போனது. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தைத் தூளாக்கி 5 லிட்டரில் ஒரு தொட்டியில் கரைக்கவேண்டும், சுண்ணாம்பை இன்னொரு தொட்டியில் நீர்த்து 5 லிட்டராக்கி வடிகட்டவேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்றவேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக்கோ மண்பானையோதான். அப்பாவின் அந்த நீலம் படிந்த தொட்டிகள் இதற்குத்தான். பளபளப்பான கத்தியை உள்ளே ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றே தெளித்துவிடவேண்டும், மறுநாளுக்கு வைக்கக்கூடாது. மழை பிடிப்பதற்கு முன் ஒரு வெயில் நாளில் குருத்திலும் அதைச் சுற்றிய மட்டை இடுக்கிலும் நன்றாக நனையும்படி தெளிக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இது மிக முக்கியம். ஒரு சின்ன ஏணி போதும், ஆள் கூடத் தேவையில்லை.

செலவுக் கணக்கைச் சொல்லி விடுகிறேன். வாழை 4,000, ஓடு 6,500, தார்ப்பாய் 2,400, கிணற்று மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்ட 3,800, செப்டிக் லாரி 4,000, மின் இணைப்பு 2,700, மதிலைச் சரி செய்ய 1,200, அரிசி 2,800. மொத்தம் 27,400. இந்த வருடம் முன்கூட்டிச் செய்வதற்கான கணக்கு: மரம் ஏறக் கூலி 500, வாய்க்கால் வெட்ட ஓர் ஆளுக்கு இரண்டு நாள் 1,600, முருங்கை கழிக்க 300, துத்தமும் சுண்ணாம்பும் 400, ஓடு பார்க்க ஒரு நாள் 1,000. ஆக 3,800. சவுக்குக் கம்புக்குத் தனியாக 1,400. நாள் கணக்கில், போன வருடம் வீடு பழைய நிலைக்கு வர 23 நாள் ஆனது, இந்த வருடம் எல்லா வேலையும் சேர்த்து ஆறு நாள்.

மழைக்கு முன் செய்யக்கூடாத வேலை ஒன்றும் இருக்கிறது, மல்லிகைக் கவாத்து. நான் ஆர்வத்தில் புரட்டாசியிலேயே வெட்டப் போனேன், பெரியம்மா தடுத்துவிட்டார். அதை நவம்பர் கடைசியில்தான், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டவேண்டும், மழையில் முடியாவிட்டால் மழை வெறித்ததும். தழைச்சத்து உரத்தையும் மழைக்கு முன் போட்டு வீணாக்காதீர்கள், தண்ணீரோடு வாய்க்காலுக்குத்தான் போகும்.

இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. மழை தொடங்கும் நாளும் ஏறக்குறைய அதுதான், அதனால் தீபாவளிக்கு அப்புறம் என்று எதையும் தள்ளிவைக்கவில்லை. வடிகால் வாய்க்காலில் கோரையும் ஆகாயத் தாமரையும் அடைத்திருக்கிறது, நம் தூம்பு திறந்திருந்தும் அங்கே போகாவிட்டால் பயனில்லை என்று தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், பெரியம்மாதான் முதல் கையெழுத்து. புதுத் தென்னம்பிள்ளை ஒன்று வாங்கி வந்தேன். பழைய குழியில் வைக்காதே என்று அம்மா சொன்னதால் பத்தடி தள்ளிக் குழி வெட்டியிருக்கிறேன். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, சுற்றி மண்ணை அணைத்து, இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியாகிவிட்டது. துத்தம் கரைக்க இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். நாளைக்கு வெயில் அடித்தால் தெளித்துவிடுவேன்.